பூமயில் வித்து

முதுகுளத்தூரில் பஸ் இறங்கி மேற்கே இரண்டு மைல் நடந்தால் வரும் ஊரில் மிளகாய் வித்துக்குப் பேர் உண்டு. நோய் விழுந்த வருசத்திலும் தாங்கி நின்று காய்த்த வித்து எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுப் பெரியவர் பேர்தான் வித்துக்கும். கூத்தையா வித்து அந்த வட்டாரத்தில் பிரசித்தம். சாயல்குடிப் பக்கமிருந்தெல்லாம் வந்து படியளந்து வாங்கிப் போவார்கள். கூத்தையாவும் மீசையைத் தடவிக்கொண்டே அளந்து கொடுப்பார். தோட்டத்துக்குள் விட்டால் அவருக்கு எந்தச் செடியில் எடுத்த வித்து என்று காட்டத் தெரியாது. செடி பார்த்தது, காய் பொறுக்கியது, காயவைத்தது எல்லாம் அவருடைய மகள் பூமயில்.

மார்கழி, தை மாதங்களில் இலைச்சுருட்டை நோய் வந்தால் அவள் காலையிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவாள். சுருண்டுபோன செடியை வேரோடு பிடுங்கி வெயில் ஏறுவதற்குள் வரப்போரம் போட்டு எரித்துவிட வேண்டும். சுற்றிலும் சுருண்டு கிடக்க, நடுவில் ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றால் அதன் தண்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். நூல் கட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் பழம் செடியிலேயே வற்ற வேண்டும். அதுதான் அடுத்த வருசத்து வித்து. பிடுங்குவதும் கட்டுவதும் என்று இந்த இரண்டு வேலையையும் எட்டு வயசிலிருந்து செய்தவள் அவள்.

1974-இல் இருளாண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் பக்கத்து ஊருக்குப் போனபோது ஒரு சுரைக்குடுக்கை நிறைய வித்து கொண்டு போனாள். மூன்றே வருசத்தில் அது இருளாண்டி வித்து ஆகிவிட்டது. இருளாண்டி நல்ல மனுசன். தோட்டத்தில் பாதி நாள் வேப்பமர நிழலில் படுத்திருப்பார். பேர் மட்டும் அவருக்கு. பூமயிலுக்கு அதில் ஒரு குறை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒரு வித்தாவது தன் பேரில் ஊருக்குள் புழங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ராணிக்கு வரக்கூடிய ஆசை, மிளகாய்க்காட்டில் வந்துவிட்டது.

1983-இல் ஒரு தப்புச் செய்தாள். சுருட்டை விழுந்த ஒரு செடி நிறையப் பூ வைத்திருந்தது. பிடுங்க மனசு வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். நாலு நாளில் நோய் வரப்பு தாண்டி ஓரகத்தி முருகம்மாளின் தோட்டத்துக்குள் இறங்கியது. முருகம்மாளுக்கு அந்த வருசம் ஒரு கூடை வத்தல்கூடக் காணவில்லை. "பூவப் பாத்து விட்டியே, என் புள்ளைக வயித்தப் பாத்தியா?" என்று கேட்டவள்தான், அப்புறம் இரண்டு வருசம் பூமயிலோடு பேசவில்லை. அந்தக் கேள்வி பூமயிலை விட்டுப் போகவே இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் எல்லாவற்றையும் கெடுக்கப்போகிறது.

தொண்ணூறுகளில் மழை தொடர்ந்து பொய்த்தது. அவர்கள் வாரத்துக்கு உழுத நிலத்தின் சொந்தக்காரர் முத்துராமலிங்கம், பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் உப்போடைக் கரையில் இறால் குளம் வெட்டினார். இரண்டு பேரும் அங்கேயே குடிபோனார்கள்; இருளாண்டி காவலுக்குப் போனார், பூமயில் கூலிக்குப் போனாள். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து இரண்டு போகத்தோடு கதை முடிந்தது. முத்துராமலிங்கம் விடுகிற ஆள் இல்லை. இறால் இல்லையென்றால் கொடுவா என்று மீனுக்கு மாறினார். கொடுவாக் குஞ்சு பொல்லாதது. பெரியது சின்னதை முழுங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒரு தடவை தரம் பிரித்துத் தனித்தனியாக விட வேண்டும். பூமயிலின் கண்ணுக்கு அந்த வேலை பழக்கப்பட்டதாக இருந்தது. ஒரு விரல் நீளக் குஞ்சில் எது வளரும், எது வாடும் என்று சொல்லிவிடுவாள்.

2001 ஐப்பசியில் ஒரு நாள் காலையில் குஞ்சுகள் சுற்ற ஆரம்பித்தன. நிறம் கறுத்து, வயிறு உப்பி, ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றிவிட்டு மல்லாந்து மிதந்தன. வைரஸ் மூளையைத் தின்கிறது, மருந்து கிடையாது என்று எங்கிருந்தோ வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மூவாயிரம் குஞ்சு விட்ட குளத்தில் எட்டாவது நாள் வலை இழுத்தபோது உயிரோடு கிடைத்தது முப்பத்தொன்று.

முத்துராமலிங்கம் கரையில் குத்தவைத்து அதைப் பார்த்தார். "ஏ பூமயிலு, இத வச்சு என்ன செய்ய? பெருசாகட்டும், கொழம்புக்கு எடுத்துக்க."

"மொதலாளி, அத்தனையும் செத்தப்ப இதுக மட்டும் நிக்கிதுல்ல. இது வித்துக்கு ஆகுங்க."

"மீனுக்கு ஏதுத்தா வித்து?" என்று அவர் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரமாக மதகுப் பக்கம் இருந்த சின்னக் குளத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். பூமயில் அன்றைக்கே அந்த மதகுக் கம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள்.

ஏழு வருசம் வளர்த்தாள். காலையும் மாலையும் சூடை மீனை நறுக்கி எடுத்துக்கொண்டு போய், படியில் உட்கார்ந்து தண்ணீரில் மூன்று தட்டுத் தட்டுவாள். எங்கே இருந்தாலும் வந்துவிடும். கையிலிருந்தே வாங்கித் தின்னும். குருகு கொத்தியது, வெயிலில் போனது என்று குறைந்து குறைந்து கடைசியில் பத்தொன்பது நின்றன. கொடுவா முதலில் எல்லாம் ஆணாகத்தான் இருக்கும். ஆறேழு வயசானால்தான் அதில் பாதி பெண்ணாக மாறும். இதைக் கேட்டதிலிருந்து இருளாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்ல வேள, நான் மீனாப் பொறக்கல. இந்நேரம் நீ என்னயப் புள்ள பெக்கச் சொல்லியிருப்ப."

"நெழல்ல படுக்குற வேலயத் தவிர எதச் செஞ்சாலும் எனக்குச் சம்மதந்தான்," என்றாள் பூமயில்.

2008 ஆடியில் சண்முகவள்ளி வந்தாள். மீன் நோய்களை ஆராய்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண். முப்பது வயசுகூட இருக்காது. நோயில் தப்பிய மீனை ஏழு வருசமாக ஒரு அம்மா வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்திருந்தாள். மீன்களைப் பார்த்ததும் சந்தோசத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பிலும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை குத்தினாள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டபோது பூமயில் சிவப்பு என்றாள். பத்தொன்பதில் பதினொன்று தாயாகியிருந்தன.

பழைய இறால் தொட்டிகளில் நாலுதான் ஒழுகாமல் இருந்தன. அதனால் ஊசி போட்டு எடுத்த முட்டைகளைத் தாய் தாயாகப் பிரித்து வைக்க வழியில்லை. எல்லாவற்றையும் கலந்துதான் பொரிக்கவிட்டார்கள். பொரித்த குஞ்சில் முக்காலும் முதல் இருபது நாளில் போயின. புது ஆட்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். மிஞ்சியது மூவாயிரம்போல. விரல் நீளம் வளர்ந்ததும் அதில் ரெண்டாயிரத்தைப் பூமயில் தன் கையால் பெரியபட்டினத்துக் காதர் மைதீனுக்குக் கொடுத்தாள்.

காதர் மைதீன் உப்போடையில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்த்தவர். ஓடையில் கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடித்த கடல் குஞ்சு ஏற்கெனவே அவரிடம் ஆயிரம் இருந்தது. பூமயிலிடம் வாங்கிய குஞ்சை அடுத்த கூண்டில் விட்டார். "தங்கச்சி, நாளைக்கு எவனாச்சும் இது என்ன குஞ்சுன்னு கேட்டா என்ன சொல்ல?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார்.

பூமயிலுக்கு ஐம்பது வயசுக்கு மேல் வெட்கம் வந்தது. "பூமயில் வித்துன்னு சொல்லுங்கண்ணே," என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே சோறு வடித்தாள் என்று இருளாண்டி பின்னால் சொல்லிச் சொல்லி அழுதார். அவளுக்கு வாழ்க்கையில் வாய்த்த சந்தோசம் மொத்தமும் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஐப்பசி முடிகிற நேரத்தில் காதர் மைதீன் ஒரு வாளியோடு வந்தார். வாளிக்குள் கறுத்துப்போன குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. பூமயில் கொடுத்தது மட்டும் இல்லை, அவர் கடலில் பிடித்த ஆயிரமும் சுற்றிச் சுற்றிச் செத்திருந்தன. சாகாமல் நின்ற சிலதையும் நோய்க்குப் பயந்து அள்ளிப் புதைத்துவிட்டதாகச் சொன்னார். பூமயில் வாளியைப் பார்த்து அழுதாள். மனுசன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள்.

"அழுவாத தங்கச்சி. நீ என்ன தெரிஞ்சா குடுத்த? என் நசீபு அப்படி." வாளியைக் கவிழ்த்து அவரே குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சண்முகவள்ளி ஓடிவந்தாள். தொட்டியில் மிச்சம் வைத்திருந்த குஞ்சுகளிலும் நோய் கண்டிருந்தது. செத்தவை நடுவில் நூற்று நாற்பது மட்டும் ஒன்றுமே ஆகாததுபோல நீந்திக்கொண்டிருந்தன. அவற்றில் அறுபதைப் பிடித்து ஸ்பிரிட் போட்ட குப்பிகளில் அடைத்தாள். தாய் மீன், தகப்பன் மீன் எல்லாவற்றின் துடுப்பு நுனியையும் நறுக்கி நம்பர் எழுதிக்கொண்டாள். பிறகு படியில் பூமயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

"அக்கா, நோய்ல தப்பிச்ச மீனு உடம்புக்குள்ள நோய் அப்படியே ஒளிஞ்சிருக்கும். அதுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா முட்டையோட சேந்து குஞ்சுக்குப் போயிரும். மெளகாயில அப்படி இல்ல. வித்துல அந்த நோய் போகாது. அதான் அங்க உங்க நூலு பலிச்சுது."

"அப்ப நோய வளத்துக் குடுத்தது நாந்தானா?"

"முழுசாக் கேளுங்க. தப்பிச்சது வேற, தாங்குறது வேற. தற்செயலாத் தப்பிச்ச தாய் நோயத்தான் குடுக்கும். சில தாய்க்கு நோயத் தாங்குற குணம் பிறவியிலயே இருக்கும், அது புள்ளைக்கும் இறங்கும். இந்த நூத்தி நாப்பதும் ஏன் சாகல? இதுக எந்தத் தாயோட குஞ்சுன்னு துடுப்ப வச்சுக் கண்டுபிடிக்கலாம். அப்படி ஒரு தாய் இருந்தா முட்டையைக் கழுவி நோய விலக்கிக்கலாம், குணம் மட்டும் நிக்கும். மூணு வாரம் பொறுங்க. மதகத் தெறக்காதீங்க, எதையும் தொடாதீங்க."

பூமயில் தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் விழுந்தது முதல் பாதிதான். நீதான் கொடுத்தாய் என்பதற்குப் பிறகு சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. படித்த பெண் பாவப்பட்டு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மழை பிடித்தது. மதகை அடைத்துத்தான் வைத்திருந்தாள். ஐந்தாவது நாள் குளம் நிரம்பி, பலகைக்கு மேலே தண்ணீர் வழிந்து உப்போடைக்குள் இறங்கியது. மண்மூட்டை அடுக்கினாள், அதையும் தாண்டி வழிந்தது. ஓடைக்குக் கீழே இன்னும் ஏழு பேர் கூண்டு கட்டியிருந்தார்கள். வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு முருகம்மாளின் குரல் கேட்டது. பூவைப் பார்த்து விட்டாயே.

"குழி வெட்டுங்க," என்றாள் இருளாண்டியிடம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிருவோம்த்தா."

"கேட்டா வேணாம்னு சொல்லிருவா. அவளுக்குப் பரிச்ச. கீழ இருக்கவங்களுக்குப் பொழப்பு. ஒரு தடவ மனசு வராம விட்டு ஒருத்தி குடியக் கெடுத்தேன். இன்னொரு தடவ ஏலாது."

முத்துராமலிங்கத்திடமும் சொல்லவில்லை. சுண்ணாம்பு மூட்டை பம்பு செட்டில் இருந்தது. மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. பூமயில் படியில் இறங்கி உட்கார்ந்து தண்ணீரில் மூன்று தட்டுத் தட்டினாள்.

வந்தன. தீனி என்று நினைத்து வந்தன. வலைகூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கரையில் போட்டு, பக்கத்தில் வைத்திருந்த கட்டையால் தலையில் ஒரே அடி. துள்ள விடக் கூடாது என்று முழு பலத்தோடு அடித்தாள். இருளாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். செத்ததை வாங்கிக் குழியில் வைத்தார். பதினெட்டு முடிந்தது.

கடைசி ஒன்று அவள் மடியில் அசையாமல் கிடந்தது. நல்ல பெரிய தாய், ஐந்து கிலோ இருக்கும். கட்டையை ஓங்கியவளுக்குக் கை இறங்கவில்லை. அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டாள். போ, என்று வாய்விட்டுச் சொன்னாள். அது ஒரு சுற்றுச் சுற்றிக் குளத்தின் மறு ஓரத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செடியை விட்டால் தோட்டமே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் மூன்று தட்டினாள். அது திரும்பி வந்து அவள் உள்ளங்கையை முட்டியது.

அதையும் அடித்தாள். குஞ்சுத் தொட்டியில் இருந்த எண்பதுக்கும் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். குழிக்கு மேல் சுண்ணாம்பு, அதற்கு மேல் மண். மதகுக் கம்பில் கட்டியிருந்த நூல் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அதையும் அவிழ்த்துக் குழிக்குள்ளேயே போட்டிருந்தாள். அதற்கப்புறம் யார் கூண்டிலும் நோய் வரவில்லை. அதைக் கேட்டபோது அவள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மூன்று வாரம் என்று சொன்னது இழுத்துக்கொண்டு போய் 2009 தைப்பொங்கல் கழிந்துதான் சண்முகவள்ளி வந்தாள். வரப்பில் நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கையில் ஒரு தாள். தூரத்திலிருந்தே "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டாள்.

"அறுபதுல அம்பத்தி மூணு ஒரே தாயோடதுக்கா! ஒரே தாய்! மத்த பத்துத் தாயும் சேந்து மிச்ச ஏழுதான். நீங்க சொன்னது நெசம். அது வித்துதான். ஒம்பதாம் நம்பர். எங்கக்கா இருக்கு ஒம்பதாம் நம்பர்? கூப்புடுங்க, பாப்போம்."

இருளாண்டி கரை ஓரத்தில் மண் மேடிட்டிருந்த இடத்தைக் கையால் காட்டினார். சண்முகவள்ளி அதைப் பார்த்தாள், வெறுங்குளத்தைப் பார்த்தாள், காலி தொட்டியைப் பார்த்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று இருளாண்டி காத்திருந்தார். அந்தப் பெண்ணும் திட்டவில்லை. பூமயிலின் தலையெழுத்து, யாருமே அவளைத் திட்டமாட்டேன் என்கிறார்கள்.

"எதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா தாயி?" என்று பூமயில் கேட்டாள். "குப்பியில போட்டியே, அது?"

"அது செத்ததுக்கா. படிக்கத்தான் ஆகும்."

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?"

சண்முகவள்ளி தயங்கினாள். பிறகு எடுத்துப் படித்தாள். தாளின் மேலே அந்த மீன் குடும்பத்துக்கு ஒரு பேர் வைக்க வேண்டிய இடம் இருந்தது. அங்கே அவள் தன் கையால், பூமயில் வித்து என்று எழுதியிருந்தாள்.

பூமயில் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை படித்து முடித்ததும், எங்கே எழுதியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்பதாம் நம்பர் எது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. கடைசி மீன் மடியில் கிடந்தபோது அதன் சிவப்பு வில்லையில் இருந்த ஒன்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத நான் விட்டுட்டேன் தாயி," என்றாள் பூமயில். "போன்னு சொல்லி விட்டுட்டேன். அங்குட்டுப் போயிருச்சு. நாந்தான் மறுக்காத் தட்டிக் கூப்புட்டேன். கூப்புட்டதும் வந்துருச்சு."